தேன்சிட்டு தேனை நக்குதா, உறிஞ்சுதா?

வால்பாறையில எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கற ஒரு தங்கச்சி கேட்டிருக்குது, "அண்ணா, செம்பருத்திக்கு வர்ற தேன்சிட்டு தேனை நக்குதா, உறிஞ்சுதா?"ன்னு. அருமையான கேள்விங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வாட்ஸ்அப்ல இதையே ஹம்மிங்பேர்டுன்னு போட்டு சுத்த உடறாங்க, ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டுந்தான் இருக்குது, இது வேற குடும்பம், பெரும்பாலும் காம்புல உக்காந்துதான் குடிக்கும். ஆனைமலை காட்டுல இருக்கற சின்னத் தேன்சிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையை உட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லீங்க, மொத்த நீளமே 8 செ.மீ. அளவுதான். தேன் போக பூச்சி, சிலந்தியும் திங்கும், சிலந்தி நூலை வெச்சே கூடு கட்டும். அலகு எட்டாத நீளப் பூவா இருந்தா அடியில ஓட்டை போட்டு தேனை எடுத்துரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாம ஸ்ட்ரா போட்டு இளநி குடிக்கறப்ப உதட்டால இறுக்கிப் புடிச்சு இழுக்கறோம். தேன்சிட்டுக்கு உதடும் இல்ல, கன்னமும் இல்ல, அப்பறம் எப்படி உறிஞ்சும்? அதனால நுண்புழையேற்றம்தான், அதாவது ரொம்ப மெல்லிசான குழாய்ல திரவம் தானா ஏறறதுதான் காரணம்னு ரொம்ப நாளா நெனச்சாங்க. ஹம்மிங்பேர்டுக்கு அது இல்லைன்னு 2011லயும் 2015லயும் வந்த ஆய்வுக காமிச்சுது, அலகால நசுக்குன நாக்கு தேனுக்குள்ள போனதும் விரிஞ்சு தேனை ரொப்பிக்குது.

தேன்சிட்டு அப்படியும் இல்லீங்க! அதோட நாக்குல ரெண்டு ஓரமும் மேல சுருண்டு குழாயாவே ஆயிருக்குது, நுனி மட்டும் பிளந்திருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சமீபத்துல உயர்வேக கேமரா வெச்சு பாத்தப்ப, அடிநாக்கை மேலண்ணத்தோட ஒட்ட அமுக்கிட்டு, காத்து புகாம கீழ எறக்குது, நடுவுல இடம் பெருசாவுது, அழுத்தம் கொறையுது, உடனே குழாய்க்குள்ள தேன் சர்ருன்னு ஏறுது. அலகை மூடவே வேண்டியதில்ல. உறிஞ்சற வேலை முழுக்க நாக்குக்குள்ளயே நடக்குது, எனக்கு இதை படிச்சப்ப அன்னிக்கு பூரா வேற நெனப்பே ஓடல.

ஆக, உறிஞ்சுது தங்கச்சி.

குருவி நாக்கை ஆராய்ச்சி பண்றதுக்கெல்லாம் காசான்னு கேக்கறவங்க இருக்காங்க, எனக்கு அதுல துளியும் உடன்பாடில்ல. ஆனைகட்டியில சாலிம் அலி பறவையியல் மையம் இருக்குது, ஆனைமலையில பறவைக இருக்குது, ஒரு நல்ல உயர்வேக கேமராவுக்கும் நாலு வருஷ சம்பளத்துக்கும் பணம் ஒதுக்குனா இந்த மாதிரி வேலைய நம்ம பசங்களே செய்வாங்க.