நீல டிக் சொல்லாத பதில்

செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. ‘டைப்பிங்’ என்று ஒரு கணம் காட்டியது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. பதில் வராத அந்தப் பத்து நிமிடத்தில் மனம் என்னென்ன கணக்கெல்லாம் போடுகிறது! வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீல டிக்கைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து, அவர் படித்துவிட்டார் என்பது நமக்குத் தெரிகிறது. படித்து என்ன நினைத்தார் என்பது தெரிவதில்லை.

சார்லஸ் பெர்கர், ரிச்சர்ட் கலாப்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் இந்தத் தவிப்பின் வேரைத் தொட்டார்கள். புதிதாகச் சந்திக்கும் இருவருக்கும் முதல் கவலை ஒன்றுதான்: எதிரே இருப்பவர் எப்படிப்பட்டவர், அடுத்து என்ன செய்வார்? பேசப் பேச அந்த நிச்சயமின்மை குறைகிறது. அது குறையக் குறைய மனம்விட்டுப் பேசுகிறோம், பிடித்தும் போகிறது. அவர்கள் கவனித்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். புதுப் பழக்கத்தில் “எந்த ஊர்?” என்று ஒருவர் கேட்டால், பதில் சொன்ன கையோடு மற்றவரும் “உங்களுக்கு?” என்று கேட்டுவிடுவார். ஒன்றுக்கு ஒன்று, உடனுக்குடன். பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை. இன்று ஒருவர் கொட்டித் தீர்க்கலாம், மற்றவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஒருவரைத் தெரிந்துகொள்ள மூன்று வழிகளை பெர்கர் பிரித்துக் காட்டினார்: தள்ளி நின்று கவனிப்பது, தெரிந்தவர்களிடம் விசாரிப்பது, நேரில் பேசிவிடுவது. இணையத்தில் முதல் வழி பூதாகாரமாக வளர்ந்துவிட்டது. ஸ்டேட்டஸ், லாஸ்ட் சீன், ஐந்து வருடத்துக்கு முந்தைய படங்கள் என்று ஒரு வார்த்தை பேசாமலே ஒருவரைப் பற்றி நிறையச் சேர்த்துவிடலாம். ஆனால் அவை அவரைப் பற்றிய செய்திகள்தான். அவருக்கு நம்மீது என்ன எண்ணம் என்பது அவற்றில் இருக்காது.

தெரியாமல் இருப்பதில்தானே சுவை என்று கேட்கலாம். அதற்கும் ஆதாரம் உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவியர் 47 பேரிடம், வேறு கல்லூரி ஆண்கள் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று சொல்லப்பட்டது. ‘அவர்களுக்கு உங்களை மிகவும் பிடித்தது’ என்று சிலருக்குச் சொன்னார்கள். ‘ஓரளவுதான் பிடித்தது’ என்று சிலருக்கு. மிச்சப் பேருக்கு, இரண்டில் எதுவும் இருக்கலாம் என்று மட்டும். அந்த ஆண்கள்மீது அதிக ஈர்ப்பு வந்தது இந்த மூன்றாம் வகை மாணவியருக்குத்தான். அந்த ஆண்களைப் பற்றி அதிகம் நினைத்துக்கொண்டிருந்ததும் இந்த மாணவியரேதான்.

குரிட் பிர்ன்பாம், ஹாரி ரீஸ் குழு இணைய உரையாடல்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதற்கு நேர்மாறாக முடிந்தன. தன்மீது எதிராளிக்கு ஆர்வம் உண்டு என்று உறுதியானவர்களுக்கே ஈர்ப்பு கூடியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இது: முதல் ஆய்வில் இருந்தவை வெறும் புரொஃபைல்கள், எதிரே பேச ஆளில்லை. விடை தெரியாத கேள்வியை மனம் விடாமல் மெல்லும், அதை நாம் காதல் என்று எடுத்துக்கொள்வோம். ஓர் ஆள் நிஜமாகவே பேச வந்துவிட்டால், நிராகரிக்கப்படுவோமோ என்ற பயமும் கூடவே வருகிறது. அப்போது நிச்சயம்தான் நெருங்கத் துணிவு தருகிறது.

லீயன் நாப்ளாக், டெனிஸ் சாலமன் இருவரும் 1999-இல் காதலர்களின் நிச்சயமின்மையை மூன்றாகப் பிரித்தார்கள்: என் மனசு எனக்குத் தெரியவில்லை, உன் மனசு தெரியவில்லை, நாம் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ‘அவன் பதில் போடவில்லை’ என்று அழுகிறவர்கள் அதிகம். லாஸ்ட் சீனை எத்தனை முறை பார்த்தாலும் முதலாவதற்கு விடை கிடைக்காது.

லெஸ்லி பாக்ஸ்டர், வில்லியம் வில்மட் 1984-இல் பதிவுசெய்த ‘ரகசியச் சோதனை’களை நாம் எல்லோரும் ஏதோ ஒரு வயதில் செய்திருப்போம். பேசாமல் இருந்து, தேடி வருகிறாரா என்று பார்ப்பது. பொறாமைப்பட வைப்பது. ஜாடையாகச் சொல்லி ஆழம் பார்ப்பது. எதிரே இருப்பவருக்குத் தான் சோதிக்கப்படுவதே தெரியாது. மறு ஆண்டே அதே இருவரும், நெருங்கிப் பழகுகிறவர்கள் எதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்கிறார்கள் என்று விசாரித்தார்கள். பழைய காதலும் சண்டை வரக்கூடிய விஷயங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, ‘நம் உறவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?’ என்ற பேச்சு.