‘தனியுரிமைக்கான உரிமை’ என்றொரு விந்தை

‘தனியுரிமைக்கான உரிமை’ என்று தீர்ப்புச் செய்திகளில் எழுதுகிறார்கள். உரிமைக்கு ஏது உரிமை? ‘ரைட் டு பிரைவசி’ என்பதில் ‘ரைட்’ ஒரு முறைதான் வருகிறது, தமிழில் இரண்டாகிவிட்டது. பிரைவசி என்பது ஒரு நிலை. அந்த நிலையைக் குலைக்காதே என்று கேட்பதுதான் உரிமை. நிலைக்கே ‘உரிமை’ என்று பெயர் வைத்துவிட்டதால், சட்டம் பேச வேண்டிய இடத்தில் நாக்குத் தடுமாறுகிறது.

மூலம் லத்தீன் ‘பிரிவாட்டுஸ்’: பொதுவிலிருந்து விலக்கி வைத்தது, பொதுப் பதவி வகிக்காதவர். அதைச் சட்டப் பேச்சாக்கியது 1890-இல் ஹார்வர்டு சட்ட இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் பாஸ்டன் வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைசும். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் கொடாக் கையடக்க கேமரா விற்பனைக்கு வந்திருந்தது. அதுவரை படம் பிடிக்க ஆள் அசையாமல் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தாலே சம்மதம் என்றாகிவிடும், மீறினால் ஒப்பந்தச் சட்டம் பார்த்துக்கொள்ளும். தெருவில் போகிறவரை அவருக்கே தெரியாமல் படம் பிடிக்கலாம் என்று ஆனதும் ஒப்பந்தம் உதவாமல் போயிற்று. ‘என்னை என்பாட்டில் விடு’ என்னும் உரிமை அப்படித்தான் தேவைப்பட்டது.

இந்தியாவில் 1954-இல் எம்.பி.சர்மா வழக்கிலும் 1962-இல் கரக் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. 1994-இல் ‘ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கில், நக்கீரன் இதழ் வெளியிட இருந்த மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை முன்வைத்து, இது உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 9 நீதிபதிகளும் ஒருமித்து அதை உறுதி செய்தார்கள்.

இனி ‘தனியுரிமை’. தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் தோன்றுவது, ஒருவருக்கு மட்டுமே உரிய உரிமை, ஏகபோகம். மூலநிரலை (சோர்ஸ் கோடை) வெளியே தராமல் பூட்டி வைத்த மென்பொருளையும் ‘தனியுரிமை மென்பொருள்’ என்றே எழுதுகிறார்கள். ஆக, ஒரே செயலியில் ‘இது தனியுரிமை மென்பொருள்’, ‘எங்கள் தனியுரிமைக் கொள்கை’ என்று இரண்டு வரியும் வரலாம். முதலாவதில் உரிமை கம்பெனியுடையது, இரண்டாவதில் உங்களுடையது. படிப்பவருக்கு இரண்டுமே கம்பெனியின் உரிமையாகத்தான் படும். (பல கொள்கைகளின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் அந்த வாசிப்பும் அவ்வளவு தப்பில்லை என்பது வேறு விஷயம்.)

நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அந்தரங்கம். ‘அந்தர்’ என்றால் உள், ‘அங்கம்’ என்றால் உறுப்பு. வடசொல்தான். ஆனால் அதற்கு எதிர்ச்சொல்லும் கூடவே வந்து தமிழில் குடியேறிவிட்டது: பகிரங்கம். ‘அந்தரங்கத்தைப் பகிரங்கப்படுத்தினார்கள்’ என்றால் நடந்த தவறு படிக்காதவருக்கும் புரியும். தனியுரிமைக்கு எதிர்ச்சொல் என்ன? பொதுவுரிமையா? அது வேறெங்கோ போகிறது. ‘அந்தரங்க உரிமை’ என்று சொன்னால் உரிமையும் ஒரே முறைதான் வருகிறது.

வடசொல்லே வேண்டாம் என்பவர்கள் ‘மறைவு’ என்பார்கள். ‘குளிக்க ஒரு மறைவு இல்லை’ என்று வீட்டில் சொல்வதுதான், நல்ல சொல்தான். ஆனால் ‘தலைவர் மறைவு’ என்று போஸ்டர் ஒட்டும் ஊரில் ‘மறைவு உரிமை’ என்றால் கருணைக்கொலை வழக்கு என்று நினைப்பார்கள். ‘மறை’ வேறோர் இடத்துக்குப் பொருந்தும். தான் கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரைக் குறள் 1076 ‘அறைபறை’ (அடித்து முழக்கும் பறை) என்கிறது. அது நம்பிச் சொன்னதைக் காப்பது பற்றியது, மருத்துவரும் வங்கியும் காக்க வேண்டிய ரகசியம். பிரைவசி அதைவிட அகலம்.

அந்தரங்கத்துக்கும் குறை உண்டு. ‘அந்தரங்க உறுப்பு’, ‘அந்தரங்க வீடியோ’ என்று செய்தித்தாள்கள் அதைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டன. ‘அந்தரங்கக் கொள்கை’ என்று வெறுமனே எழுதினால் ரகசியக் கொள்கை போலவும் ஒலிக்கும். ‘அந்தரங்கக் காப்புக் கொள்கை’ என்று ஒரு சொல் கூட்டினால் தீரும். பட்டனில் இடம் போதாது என்பார்கள், உண்மைதான்: தனியுரிமைக்கு 5 எழுத்து, அந்தரங்கத்துக்கு 7. மொழிபெயர்ப்பவருக்குக் கிடைப்பது எக்செல் தாளில் ஒரு கட்டம், அதில் ஒற்றைச் சொல். அது எந்தத் திரையில் வரும் என்று யாரும் காட்டுவதில்லை. ஒரு முறை ‘தனியுரிமை’ என்று நிரப்பினால், பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்து வைத்துத் தரும் மொழிபெயர்ப்பு நினைவகம் அடுத்த ஆயிரம் கட்டங்களிலும் அதையே கொட்டும். பிறகு ‘இதுதான் வழக்கு’ என்று அதையே சான்றாகவும் காட்டுவார்கள்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, ஒருவரின் பிரைவசிக்குள் தேவையின்றி நுழையும் தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்றிருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவால் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல்’ என்பதை மட்டும் விட்டு வைத்தது. ஓர் அதிகாரியின் பெயரும் சம்பளமும் தனிப்பட்ட தகவல்தான், ஆனால் அந்தரங்கம் அல்ல. இரண்டையும் ‘தனி’யில் தொடங்கும் சொற்களால் மொழிபெயர்த்துவிட்டு, எது பறிபோனது என்று தமிழில் எப்படி விளக்குவது?

அதே சட்டத்தின் 5(3) பிரிவு, தரவைப் பயன்படுத்தச் சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. அந்தத் தமிழ் அறிவிப்பைப் படித்துத்தான் ஒருவர் ‘சம்மதம்’ என்ற பட்டனை அழுத்துவார். ‘உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்’ என்ற வரிக்குப் பதில் ‘உங்கள் போன் நம்பரையும் இருப்பிடத்தையும் இன்னாருக்குத் தருவோம்’ என்று எழுதினால், அந்தரங்கம் என்ற சொல்கூட அங்கே தேவைப்படாது.