கப்கேக்கின் மேல் வைத்த பழம் நீர் விடுவது ஏன்?

பட்டர் கிரீம் தடவிய கப்கேக்கின் உச்சியில் ஸ்ட்ராபெரித் துண்டு ஒன்றை, வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு வைத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டால், துண்டைச் சுற்றி முதலில் ஒரு மினுமினுப்பும், பிறகு இளஞ்சிவப்பு வளையமும், கடைசியில் விளிம்பை நோக்கி வழியும் மெல்லிய பாகும் தோன்றும். பழம் கெட்டுவிட்டது என்றோ, கிரீமைச் சரியாக அடிக்கவில்லை என்றோ பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இரண்டிலும் குறையிருக்காது. நீர் மிகுந்த ஒரு பொருளும் சர்க்கரை மிகுந்த ஒரு பொருளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நடக்க வேண்டியதுதான் அங்கே நடந்திருக்கிறது.

ஸ்ட்ராபெரியின் எடையில் ஏறத்தாழ 91 விழுக்காடு நீர்; மாம்பழத்திலும் கிவியிலும் அது 83 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். இந்த நீரில் பெரும்பகுதி, செல்லின் நடுவே உள்ள வாக்குவோல் என்னும் சாற்றுப்பையில் அடைபட்டிருக்கிறது. கத்தி செல்லும் வழியெங்கும் செல்கள் உடைந்து, வெட்டு முகத்தில் சாறு உடனே கசிகிறது. அதோடு நின்றால் ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். உடையாத செல்களிலிருந்தும் நீர் வெளியேறத் தொடங்குவதுதான் சிக்கல். பட்டர் கிரீமில் வெண்ணெய்க்குள் இயல்பாகவே இருக்கும் சிறிதளவு நீரிலும், அடிக்கும்போது ஊற்றும் ஓரிரு கரண்டிப் பாலிலும் ஐசிங் சர்க்கரை கரைந்து, கிட்டத்தட்டத் தெவிட்டிய கரைசலாக நிற்கிறது. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஸ்ட்ராபெரிச் சாற்றிலோ கரைபொருள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது, நீரைக் கடக்கவிட்டுச் சர்க்கரையைத் தடுக்கும் செல் சவ்வு. எனவே செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் நகர்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த சவ்வூடு பரவல் இதுதான். ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் நிற்பதும் இதே காரணத்தால்தான். கப்கேக்கில் இன்னொரு வினையும் சேர்ந்துகொள்கிறது: வெளிவந்த நீர், கிரீமில் கரையாமல் மீதமிருந்த சர்க்கரைத் துகள்களைக் கரைத்துத் தானும் அடர்ந்த பாகாகி, பழத்திலிருந்து மேலும் நீரை இழுக்கிறது. சிவப்பு நிறத்தைத் தரும் ஆந்தோசயனின்கள் நீரில் கரைபவை என்பதால், உடைந்த செல்களின் சாற்றோடு அவையும் வெளியேறி வெள்ளைக் கிரீமில் கறையாகப் படிகின்றன.

இதை அறிந்தபின், எந்தப் பழம் அலங்காரத்துக்கு ஏற்றது என்ற கேள்விக்கு விடை எளிதாகிவிடுகிறது: வெட்ட வேண்டியிராத பழம். புளூபெரியும் திராட்சையும் முழுத் தோலோடு இருக்கும்போது, அத்தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் மெழுகுப் படலம் நீரை உள்ளேயே நிறுத்திவைக்கிறது. அழுத்தித் துடைத்தால் அந்தப் படலம் போய்விடும் என்பதால், கழுவியபின் துணியில் பரப்பி உலரவிடுவதே நல்லது. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மாதுளை முத்துகளை இதற்கு ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று. ஒவ்வொரு முத்தும் தனக்கென்று ஒரு தோல் கொண்ட சிறிய சாற்றுப்பொதி. நசுங்காமல் உதிர்த்தால் வெட்டு முகம் என்ற ஒன்றே அதற்கு இல்லை.

வெட்டிய பழம்தான் வேண்டுமென்றால், அதற்கும் கிரீமுக்கும் இடையில் நீர் கடக்க முடியாத ஒரு தடுப்பு வேண்டும். அந்த வேலையைக் கொழுப்பு நன்றாகச் செய்யும். உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் பழத்தின் அடிப்பக்கத்தை மட்டும் தோய்த்து, அது இறுகியபின் கிரீமின் மேல் வைத்தால், கோக்கோ வெண்ணெயின் மெல்லிய படலம் நீரின் பாதையை அடைத்துவிடும். தோய்ப்பதற்கு முன் பழம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். உருகிய சாக்லேட்டில் ஓரிரு சொட்டு நீர் விழுந்தாலே சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அது கட்டிதட்டிப் போகும்.

பழங்களின் மேல் பளபளப்புக்காகப் பூசும் கூழ்மப் பூச்சு வேறொரு கதை. அதற்குப் பலர் பயன்படுத்தும் ஜெலட்டின் ஒரு புரதம். பச்சை அன்னாசியில் புரோமெலைன், கிவியில் ஆக்டினிடின், பப்பாளியில் பப்பைன் எனப் புரதத்தைத் துண்டாக்கும் நொதிகள் உள்ளன. இப்பழங்களின் மேல் ஊற்றிய ஜெலட்டின், எவ்வளவு நேரம் குளிர்பெட்டியில் இருந்தாலும் ஒழுங்காக இறுகாது. இறுகுவதற்குத் தேவையான நீண்ட புரதச் சங்கிலிகளை நொதி வெட்டிக்கொண்டே இருக்கும். டின்னில் அடைத்த அன்னாசி இந்தத் தொல்லையைத் தருவதில்லை, ஏனெனில் பதப்படுத்தும்போது தரப்படும் வெப்பத்தில் நொதி செயலிழந்துவிடுகிறது. அதே நொதிகள் பால் புரதத்தையும் விட்டுவைப்பதில்லை. பால் கிரீமின் மேல் நெடுநேரம் இருந்த கிவியைச் சுற்றி ஒரு கசப்பு ஏறுவது அதனால்தான்.

நம் சமையலறைகளில் சைனா கிராஸ் என்றும் கடல்பாசி என்றும் வழங்கும் அகர் அகர் புரதமன்று. கடற்பாசியிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. மன்னார் வளைகுடாவில் பாம்பனை ஒட்டிய கடற்கரைப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி அதன் மூலப்பொருள்களில் ஒன்று. அன்னாசியின் நொதியால் இதை ஒன்றும் செய்ய முடியாது. இதைவிட முக்கியமான இயல்பு ஒன்றும் இதற்கு உண்டு: 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை ஆறும்போது இறுகும் அகர், மீண்டும் உருகுவதற்கு ஏறத்தாழ 85 டிகிரி வெப்பம் தேவை. ஜெலட்டின் கூழோ 30 டிகிரியைத் தாண்டியதும் தளரத் தொடங்கும். சித்திரை மாதச் சென்னையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 200 மில்லி நீரில் ஒரு கிராம் அகர் தூளைக் கொதிக்கவைத்துக் கரைத்து, ஓரளவு ஆறியதும் தூரிகையால் பழத்தின் மேல் பூசலாம். ஆனால் அப்போதும் அது வெண்ணெய் உருகும் வெப்பநிலையைவிடச் சூடாகவே இருக்கும் என்பதால், பழத்துக்குத் தட்டில் வைத்தே பூசி, இறுகியபின் கிரீமின் மேல் எடுத்து வைக்க வேண்டும்.

ஆப்பிளும் வாழைப்பழமும் பழுத்த அழகோடு நெடுநேரம் நிற்பதில்லை. வெட்டும்போது, செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த ஃபீனால் சேர்மங்களும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஒன்றுகலக்க, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அச்சேர்மங்கள் பழுப்பு நிறமிகளாகின்றன. எலுமிச்சைச் சாறு இதை இரண்டு வழிகளில் தடுக்கிறது: அதன் அமிலம் நொதியை மந்தப்படுத்துகிறது, அதிலுள்ள வைட்டமின் சி, உருவாகும் இடைப்பொருளைப் பழைய நிலைக்கே திருப்பிவிடுகிறது. அந்த வைட்டமின் தீர்ந்ததும் பழுப்பு மெல்ல எட்டிப்பார்க்கும். ஆகவே இது நிரந்தரத் தீர்வன்று, அவகாசம் வாங்கித் தரும் ஏற்பாடு.

எல்லாம் சரியாகச் செய்தபின்னும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கப்கேக்குகள் மேசையில் வியர்ப்பதுண்டு. 32 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின் மேலும் காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படியும். அத்துளிகள் ஐசிங்கின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரையைக் கரைத்து, பழம் செய்யாத கோலத்தைத் தாமே செய்துவிடும். காற்றுப் புகாத பெட்டியோடு வெளியே எடுத்து, பெட்டியின் வெளிப்புறம் வியர்த்து ஓய்ந்தபின் திறந்தால் கப்கேக்குகளின் மேல் துளிகள் பெரிதாகப் படிவதில்லை. ஆயினும் வெட்டிய பழமும் பால் கிரீமும் சேர்ந்த எதையும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பது பாதுகாப்பன்று; 32 டிகிரியைத் தாண்டும் வெயில் நாளில் அந்த வரம்பு ஒரு மணி நேரம், பெட்டிக்குள் காத்திருந்த நேரமும் அதில் அடக்கம்.