டிரிகர் ஜாப்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைக்கு ஒருவர் 'டிரிகர் ஜாப்' கேட்டு வந்தால், அவருடைய துப்பாக்கி பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. அது நன்றாகவே சுடும். டிரிகரை, அதாவது சுடுவதற்கு விரலால் அழுத்தும் விசையை, இயக்கும்போது விரலுக்குத் தெரியும் உணர்வுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கனமாக இருக்கிறது, அல்லது மணல் கலந்ததுபோல் நறநறக்கிறது. உள்ளே இருக்கும் சுருள்வில்களை மாற்றி, ஒன்றையொன்று உரசும் உலோகப் பரப்புகளுக்கு மெருகேற்றி, அந்த உணர்வைத் திருத்தித் தருவதே டிரிகர் ஜாப். காருக்கு வண்ணம் அடிப்பதைப் 'பெயின்ட் ஜாப்' என்றும், மூக்கைத் திருத்தும் அறுவை சிகிச்சையை 'நோஸ் ஜாப்' என்றும் சொல்லும் பேச்சுவழக்கில் பிறந்த தொடர் இது.

டிரிகர் என்ற சொல் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'ட்ரெக்கன்' என்றால் இழுத்தல். 'ட்ரெக்கர்' இழுக்கும் உறுப்பு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது 'ட்ரிக்கர்' என்று வழங்கிப் பிறகு டிரிகர் ஆயிற்று. மலையேறுவோர் சொல்லும் 'ட்ரெக்கிங்' கூடத் தென்னாப்பிரிக்க டச்சுக்காரர்களின் மாட்டுவண்டிப் பயணம் வழியாக வந்த அதே வேரின் சொல்தான். இழுத்தல் என்ற பொருள் ஆங்கிலத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசையின் கனத்தை அவர்கள் 'புல்' (pull, இழுப்பு) என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள். நாம் விசையை அழுத்துகிறோம். துப்பாக்கி சுடும் பயிற்சியாளர்களும் மாணவர்களிடம் 'இழுக்காதே, அழுத்து' என்றுதான் மன்றாடுகிறார்கள். இந்த இடத்தில் தமிழ் வினைச்சொல் பயிற்சியாளர் பக்கம் நிற்கிறது.

பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால் 'குதிரை' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியின் ஓர் உறுப்பு என்ற பொருளும் கிடைக்கும். இந்தியிலும் 'கோடா' என்றால் குதிரை, துப்பாக்கியின் உறுப்பு இரண்டும்தான். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் வெடிமருந்தைப் பற்றவைக்கத் தலைசாய்த்து விழும் சுத்தியலைச் சேவல் என்றார்கள். ஸ்பானிய மொழியில் விசைக்கே 'பூனைக்குட்டி' என்று பெயர். இந்த விலங்குக் காட்சிச்சாலையில் நம் குதிரையும் அழகாகத்தான் நிற்கிறது. ஆனால் அது முதன்மையாகச் சுத்தியலைக் குறித்த சொல். விரல் படும் உறுப்புக்கு அதை இழுத்துவந்தால் குழப்பமே மிஞ்சும்.

ஆகவே விசை. செய்தித்தாள்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் சொல் இது. சிக்கல் என்னவென்றால், பள்ளி இயற்பியலில் விசை என்பது 'ஃபோர்ஸ்'. விசையை நகர்த்தத் தேவைப்படும் விசை என்று எழுதினால் வாசிப்பவர் விழிப்பார். அதனால் உறுப்பை விசை என்றும், அதை அழுத்தத் தேவைப்படும் அளவை 'விசை எடை' என்றும் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. போட்டிகளில் இது உண்மையிலேயே எடைக்கற்களால்தான் சோதிக்கப்படுகிறது. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். எடை மேலெழும்பும்வரை விசை விடுபடக் கூடாது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற ஏர் பிஸ்டல் பிரிவுக்கு அந்த 500 கிராம் வரம்பு உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு அப்படி ஒரு கீழ்வரம்பே இல்லை.

டிரிகர் ஜாப் செய்பவரின் கை போய் நிற்கும் இடம் வேறு. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'சியர்'. சுத்தியலையோ, தோட்டாவைக் குத்தும் ஊசியையோ பின்னிழுத்த நிலையில் பிடித்து வைத்து, விசை நகர்ந்ததும் விட்டுவிடும் சிறு துண்டு. பூட்டு, பிடி என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல் 'செர்' அதன் மூலம் என்பார்கள். பூட்டுக்கு நாக்கு உண்டு என்று சொல்லும் நமக்கு இதைப் 'பிடிநாக்கு' என்பதில் தயக்கம் வேண்டாம். விரலுக்குத் தெரியும் நறநறப்பில் பெரும்பங்கு இந்தப் பிடிநாக்கும் அது பிடித்திருக்கும் பாகமும் உரசுவதிலிருந்து வருகிறது. பிடி விடும் முன் விசை இழுபட்டுக்கொண்டே போவதை ஆங்கிலத்தில் 'க்ரீப்' என்கிறார்கள். 'ஊர்வு' என்று சொல்லலாம். பிடி விடும் கணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிரேக்'. நல்ல விசை கண்ணாடிக் குச்சி முறிவதுபோல விடுபட வேண்டும் என்பது அந்த வட்டாரத்தின் தேய்ந்த உவமை. தமிழில் 'உடைதல்' என்றால் துப்பாக்கியே உடைந்துவிட்டதாகப் படும், 'விடுபாடு' போதும்.

மெருகேற்றுவதில் ஓர் எல்லை இருக்கிறது. பிடிநாக்கின் மேற்பரப்பு பெரும்பாலும் வெப்பத்தால் கடினப்படுத்தப்பட்ட மெல்லிய தோல். அதைத் தேய்த்துத் தாண்டினால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு விரைவில் தேயும். கோணம் மாறினாலோ பிடி நழுவி, விரல் படாமலே குண்டு வெடிக்கலாம். வில்லைத் தளர்த்துவதும் இலவசமில்லை. சுத்தியலின் வில் மிக மெலிந்தால் அடி போதாமல் தோட்டா வெடிக்காமல் போகும்.

எல்லா வில்லும் ஒரே பக்கம் வேலை செய்வதில்லை. ஆஸ்திரியாவின் காஸ்டன் க்ளாக் வடிவமைத்து, 1982இல் அந்நாட்டு ராணுவம் ஏற்ற க்ளாக் 17 வகைத் துப்பாக்கிகளில், விசைவில்லை வலுவானதாக மாற்றினால் விசை எடை குறையும். அந்த வில் விரலுக்கு எதிராக அல்ல, விரலோடு சேர்ந்து இழுக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் க்ளாக்கின் விசை எடை சுமார் 5.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.5 கிலோ. பஞ்சுக் குச்சியும் கொஞ்சம் மெருகுப்பசையும் கொண்டு அதன் உராயும் இடங்களை மட்டும் பளபளப்பாக்குவதற்கு '25 சென்ட் டிரிகர் ஜாப்' என்று அமெரிக்காவில் செல்லப்பெயர். செலவு அவ்வளவுதான் என்று கிண்டல்.

மாற்றிப் போடும் வில்களை 'ஆஃப்டர்மார்க்கெட்' என்பார்கள். மோட்டார் வாகன வணிகத்தின் சொல்: பொருள் விற்றான பிறகு, அசல் உற்பத்தியாளர் அல்லாத வேறொருவர் செய்து விற்கும் பாகம். 'சந்தைக்குப் பிந்தைய' என்ற மொழிபெயர்ப்பு ஒன்றும் விளக்காது. நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் 'கம்பெனி பார்ட்' என்பதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது அதுதான், போலி என்ற இழுக்கு இல்லாமல். 'வெளித்தயாரிப்பு' பொருந்தும்.

கடைசியாக 'ஜாப்'. சீர்படுத்துதல் மிகப் பொது. பழுது பார்த்தல் பிழை. செப்பனிடுதல் என்பதில் சமமாக்குதல், வழவழப்பாக்குதல், செம்மை செய்தல் எல்லாம் அடங்குவதால் 'விசைச் செப்பம்' என்பதே என் தேர்வு. 'அவர் தம் பிஸ்டலுக்கு விசைச் செப்பம் செய்துகொண்டார்' என்று எழுதலாம். எழுதுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 'அவர்' இந்தியாவில் வசிப்பவரானால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் தனி உரிமம் கேட்கிறது. சுடுவதற்கு வாங்கிய உரிமம் அதற்குச் செல்லாது.