‘கொஞ்சம்தானே’ என்று தினமும் கொடுக்கும் இனிப்பு

பிறந்தநாள் விருந்து முடிந்த இரவுகளில் குழந்தைநல மருத்துவருக்கு இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரும்: “டாக்டர், இரண்டு வயதுப் பையன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பை மிட்டாயைத் தின்றுவிட்டான். இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். மருத்துவமனைக்குத் தூக்கி வரட்டுமா?”

பெரும்பாலும் வர வேண்டியதில்லை. அளவுக்கு மீறிய சர்க்கரை சிறுகுடலில் முழுவதும் உறிஞ்சப்படாமல் தங்கும்போது, தன்னைச் சுற்றி நீரை இழுக்கிறது. மிச்சம் பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. அதனால்தான் வயிற்று உப்புசம், குமட்டல், ஓரிரு முறை வாந்தி, மறுநாள் காலையில் இளகிய மலம். ஆரோக்கியமான குழந்தையின் கணையம் தேவையான இன்சுலினைச் சுரந்து, ரத்தச் சர்க்கரையைச் சில மணி நேரத்தில் இயல்புக்குக் கொண்டுவந்துவிடும். வலிந்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள், பல் துலக்கிவிடுங்கள், தூங்கட்டும். மறுநாள் வழக்கமான சாப்பாடு. தண்டனையாகப் பட்டினி போடுவது வேண்டவே வேண்டாம்.

சில நிலைகளில் மட்டும் தாமதிக்கக் கூடாது. முதலில், தின்றது மிட்டாய்தானா என்று உறுதி செய்யுங்கள். பெரியவர்கள் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரைகளில் பல, நிறப் பூச்சுடன் மிட்டாய் போலவே இருக்கும். அவற்றில் சிலவற்றை விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் மாத்திரை அட்டையுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முகமோ உதடோ வீங்குவது, உடலெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு ஆகியவை இனிப்பில் கலந்திருந்த கொட்டைப் பருப்புக்கோ பாலுக்கோ ஏற்பட்ட ஒவ்வாமையாக இருக்கலாம். நிற்காத வாந்தி, பச்சை நிற வாந்தி, எழுப்பினாலும் எழாத சோர்வு இவையும் அவசரம்தான். கடினமான உருண்டை மிட்டாயை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் கொடுக்கவே கூடாது. மென்று தின்னும் திறன் முழுமையடையாத வயது, ஓடிக்கொண்டே தின்னும் வயது; அந்த உருண்டை மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும் அளவில் இருக்கிறது.

இத்தகைய அவசரங்களைத் தவிர்த்துப் பார்த்தால், விருந்து இரவின் இனிப்பைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. யாரும் எனக்குத் தொலைபேசியில் சொல்லாத இனிப்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். காலைப் பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை, பத்து மணிக்கு கிரீம் பிஸ்கட், அழுகையை நிறுத்த ஒரு சாக்லேட், மாலையில் ஜூஸ், தூங்கும்போது மறுபடியும் இனிப்புப் பால் புட்டி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ‘கொஞ்சம்தானே’.

இந்தக் குழந்தைகள் என்னிடம் வருவது வேறு புகாருடன். “எதையுமே சாப்பிட மாட்டேன் என்கிறாள் டாக்டர், பசி எடுக்க ஒரு சிரப் எழுதிக் கொடுங்கள்” என்பார் அம்மா. எழுதுவதற்கு முன் நான் கேட்பது இதைத்தான்: நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு தூங்கும்வரை குழந்தையின் வாய்க்குள் போனது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பட்டியல் சிறியதாக இருக்கும். உடன் வந்த பாட்டி ஒன்றை நினைவுபடுத்துவார், அப்பா இன்னொன்றைச் சேர்ப்பார். ஒன்று முதல் மூன்று வயதுவரையிலான குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 1000 கிலோகலோரிதான். 200 மில்லி ஜூஸில் சுமார் 80, நான்கு கிரீம் பிஸ்கட்டில் சுமார் 200, ஒரு சிறிய சாக்லேட்டில் 100 என்று கூட்டிக்கொண்டே வந்தால், சாப்பாட்டுத் தட்டு முன்னால் வரும்போது தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். பசி எங்கும் போய்விடவில்லை; அது தீர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பசி மருந்து எதற்கு?

கலோரி வந்துவிடுகிறது, இரும்புச்சத்து, துத்தநாகம், புரதம், நார்ச்சத்து வருவதில்லை. இரும்புச்சத்துக் குறைவை நான் மிகவும் பயத்துடன் பார்க்கிறேன். மூளை வேகமாக வளரும் இந்த வயதில் நீடிக்கும் குறைபாடு, பின்னாளில் கவனத்தையும் கற்கும் திறனையும் பாதிக்கக்கூடியது. வெளிறிய கண் இமை உட்புறம், காரணமில்லாத சிடுசிடுப்பு, மண்ணையோ சுவர்க் காரையையோ தின்னும் பழக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். “குண்டாகத்தானே இருக்கிறான், ரத்தசோகை எப்படி வரும்?” என்று கேட்கிறார்கள். எடை கூடிய குழந்தைக்கும் வரும். எடை கலோரியைக் காட்டுகிறது, ஹீமோகுளோபின் வேறு கதை சொல்கிறது.

அடுத்து பற்கள். இங்கே ‘எவ்வளவு’ என்பதைவிட ‘எத்தனை முறை’ என்பதுதான் பெரிய கேள்வி. சர்க்கரை வாயில் பட்டதும் பல்லின் மேல் படிந்துள்ள பாக்டீரியாக்கள் சில நிமிடங்களிலேயே அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் pH அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலில் உள்ள தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அதைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் இன்னொரு பிஸ்கட் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சாக்லேட்டை ஒரே அமர்வில் தின்று முடிக்கும் குழந்தையைவிட, அதையே பிய்த்துப் பிய்த்து மதியம் முழுவதும் சப்பும் குழந்தையின் பற்களுக்கே சேதம் அதிகம்.

இதற்கான சான்று வேதனையான ஓர் இடத்திலிருந்து வந்தது. 1940களில் ஸ்வீடனின் விபெஹோல்ம் மருத்துவமனையில், அறிவுத்திறன் குறைபாடு காரணமாக அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தவர்களிடம், அவர்களின் ஒப்புதல் இல்லாமலேயே இனிப்பு கொடுத்துச் சோதித்தார்கள். அப்படிச் செய்தது மன்னிக்கக் கூடியது அல்ல. ஆனாலும் 1954-இல் வெளியான முடிவு இன்றுவரை நிற்கிறது: உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் சொத்தை சிறிதளவே கூடியது, உணவு வேளைகளுக்கு நடுவே ஒட்டும் தன்மையுள்ள மிட்டாயை அடிக்கடி தின்றவர்களுக்குப் பற்கள் கடுமையாகச் சிதைந்தன.

பால் பற்களின் எனாமல் நிரந்தரப் பற்களுடையதைவிட மெல்லியது. அதனால் சொத்தை வேகமாக உள்ளே இறங்குகிறது. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால், இனிப்புப் பால் புட்டியோடு தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் இரவு முழுவதும் அமிலத்தில் ஊறுகின்றன. “விழப்போகிற பல்தானே” என்ற ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. அழுகிய பல்லின் வேரில் சேரும் சீழ், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தை இரவில் விழித்து அழும், மெல்ல மறுக்கும், எடை குறையும். இத்தனை சிறிய குழந்தையைப் பல் சிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுக்கும் அறுவை அரங்குக்கு அனுப்புவது எனக்குப் பழகவே இல்லை.

பெற்றோர் அடிக்கடி கேட்கும் சிலவற்றுக்குச் சுருக்கமான பதில்கள். இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வராது. புழுவின் முட்டை, அழுக்குக் கை வழியாகவும் சுத்தமில்லாத உணவு வழியாகவும்தான் போகிறது. சர்க்கரையால் குழந்தை அடங்காமல் ஓடுகிறது என்பதையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு ‘உங்கள் பையன் சர்க்கரை சாப்பிட்டிருக்கிறான்’ என்று தாய்மார்களிடம் சொன்னபோது, அவர்கள் தங்கள் மகனின் துறுதுறுப்பு கூடிவிட்டதாக மதிப்பிட்டார்கள். சிறு வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் மிட்டாய் காரணம் இல்லை. அந்த நோய் கண்ட குழந்தையின் தாய், தான் கொடுத்த இனிப்பை நினைத்துத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றே ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

நீண்ட காலத் தாக்கம் பற்றி இப்போது தெளிவான தரவு கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. உடனே மக்கள் சாப்பிடும் சர்க்கரை ஏறத்தாழ இரு மடங்கானது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளியானது. கருவிலிருந்து தொடங்கும் முதல் 1000 நாட்களில் சர்க்கரை குறைவாகக் கிடைத்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைந்திருந்தன.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னபடி, சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சிறு குழந்தைக்கு அந்த 5 சதவீதம் ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிதான். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் அடங்கும். இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்கவே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ‘போட்டுலிசம்’ என்ற நச்சு நோய்க்கு வழிவகுக்கலாம். ஒரு துளிகூட வேண்டாம். பழமாகவே கொடுங்கள். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு வாரக்கணக்கில் தண்ணீராக மலம் போகிறது என்று வருபவர்களில் சிலருக்கு, ஜூஸை நிறுத்தியதே போதுமான மருந்தாகிறது.

வீட்டில் எங்கே தொடங்குவது? படுக்கைக்குப் போகும் புட்டியிலிருந்து தொடங்குங்கள். பாலில் சர்க்கரையைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலான குழந்தைகள் ஏற்றுக்கொள்கின்றன. பிறகு தண்ணீர் மட்டும் உள்ள புட்டி, அதன் பிறகு புட்டியே இல்லாத இரவு. இனிப்பு கொடுப்பதாக இருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், இடைவேளையில் வேண்டாம். “இந்தக் காயைச் சாப்பிட்டால் சாக்லேட்” என்று பேரம் பேசாதீர்கள். காய் ஒரு தண்டனை, சாக்லேட் ஒரு பரிசு என்று குழந்தை கற்றுக்கொள்ளும். புதிய காய்கறியைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறைக்கு மேல்கூட ஆகலாம். மூன்றாவது முறையிலேயே கைவிட்டு பிஸ்கட்டை நீட்டிவிடுகிறோம். தாத்தா பாட்டி கொடுக்கும் இனிப்பை எப்படித் தடுப்பது என்று பலர் தயங்குகிறார்கள். அவர்களையும் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். பற்களைக் காட்டி நான் பேசிய பெரியவர்களில் மறுத்தவர்கள் மிகக் குறைவு. பேரனுக்குக் கொடுக்க ஒரு பழம் அவர்கள் கையில் இருந்தால் போதும்.

மாதம் ஒருமுறை குழந்தையை மடியில் படுக்க வைத்து, மேல் உதட்டை மெதுவாகத் தூக்கி, ஈறும் முன்பற்களும் சேரும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போல வெண்மையான தடம் தெரிந்தால் அதுவே சொத்தையின் முதல் நிலை. பழுப்பாகிக் குழி விழுவதற்கு முன், அந்த நிலையிலேயே பல் மருத்துவரிடம் போனால், ஃபுளோரைடு பூச்சு, அரிசி மணி அளவு ஃபுளோரைடு பற்பசை, உணவு மாற்றம் இவற்றைக் கொண்டே பெரும்பாலும் துளையிடாமல் அதைத் தடுத்து நிறுத்திவிடலாம்.