மூடிக்குள் நூறு டிகிரி

மைதா, ஈஸ்ட், சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் கொழுப்பு. மலேசியாவின் பினாங்கில் ரொட்டி பெங்காலி என்ற ரொட்டியைச் சுடுகிறவர் பிசைவது ஏறக்குறைய இதைத்தான். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வண்டி போட்டு, பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பாவ் விற்கிற சீன அங்கிள் பிசைவதும் இதைத்தான். ஆனால் ஒன்று பழுப்பேறிய மேலோட்டோடு வெளியே வருகிறது. மற்றது வெள்ளை வெளேரென்று, ஓடே இல்லாமல் மெத்தென்று வருகிறது. மாவில் பெரிய வித்தியாசமில்லை. அது எந்தச் சூட்டில் வெந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரொட்டி அடுப்பின் உள்ளே 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருக்கும். ரொட்டியின் மேற்பரப்பில் ஈரம் வற்றியதும் அந்த இடம் மட்டும் 100 டிகிரியைத் தாண்டி ஏறும். 140 டிகிரியை ஒட்டி மாவின் சர்க்கரையும் புரதமும் வேகமாகச் சேர்ந்து வினைபுரியும். பழுப்பு நிறமும் ரொட்டிக்கடை வாசமும் அதிலிருந்துதான் வருகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரரின் பெயரில் மெயிலார்டு வினை என்கிறார்கள். பாவ் சட்டிக்குள் இதற்கு வழியே இல்லை. அழுத்தம் கூடாத சட்டியில், கொதிக்கிற தண்ணீரிலிருந்து எழும் ஆவி 100 டிகிரியோடு நின்றுவிடும். அதற்குமேல் தீயைக் கூட்டினால் ஆவி அதிகமாக வரும், சூடு ஏறாது.

நூறே டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எப்படி வேகிறது? ஆவி சூடாக இருப்பதால் என்று சொல்லத் தோன்றும். அது பாதிப் பதில்கூட இல்லை. ஆவி தன் சூட்டைக் கொடுப்பது மறுபடி தண்ணீராக மாறும்போதுதான். 100 டிகிரி தண்ணீர் ஒரு கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி வெப்பம் செலவாகிறது. அந்த ஆவி குளிர்ந்த மாவின்மேல் பட்டு நீராகிற கணத்தில் அத்தனை வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடும். இதுதான் உள்ளுறை வெப்பம். அதே ஒரு கிராம் கொதிநீர் 50 டிகிரிக்கு ஆறினாலும் 50 கலோரிதான் தரும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 80 கிராம் பாவ் ஒன்றை 30 டிகிரியிலிருந்து 95-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 15 கிலோஜூல், அதாவது 3,600 கலோரி தேவை. அதற்கு 7 கிராம் ஆவி அதன்மேல் நீரானால் போதும், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டித் தண்ணீர். பாவ்வைச் சமைப்பது அந்த ஒன்றரைக் கரண்டிதான். அந்த ஈரம் மேல்தோலிலேயே ஊறி, அங்குள்ள மாவுச்சத்தை நன்றாக வேகவைத்துவிடும். பாவ்வின் மேல் வழவழப்பான மெல்லிய தோல் இருப்பது இதனால். அதை உரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

சட்டிக்குள் காற்று இருந்தால் இந்தக் கணக்கு கெடும். காற்று நீராகாது. ஆவி பாவ்வின்மேல் பட்டு நீரானதும், அதனோடு வந்த காற்று அங்கேயே ஒரு படலமாகத் தங்கி, பின்னால் வரும் ஆவியை மறிக்கும். பாதிக்குப் பாதி காற்று கலந்துவிட்டால் ஆவி நீராகிற வெப்பநிலையே 82 டிகிரிக்கு இறங்கிவிடும். மூடியின் ஓரத்தில் ஆவி சீறிக்கொண்டு வருகிறவரை தட்டை ஏற்றாமல் பெரும்பாலான வியாபாரிகள் காத்திருப்பது சும்மா இல்லை. காற்று முழுவதும் வெளியேறிவிட்டது என்பதற்கு அந்தச் சீறல்தான் அடையாளம். நாம் பார்க்கிற வெள்ளைப் புகை ஆவிகூட அல்ல, வெளிக்காற்றில் குளிர்ந்துபோன நுண்துளிகள். உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாது. மூடியின் விளிம்பை ஒட்டிக் கொஞ்ச இடம் தெளிவாகத் தெரியுமே, கையைச் சுடுவது அங்கேதான்.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். சூடு ஏற ஏற ஈஸ்ட் கடைசியாக ஒருமுறை வேகமெடுத்துக் கார்பன் டைஆக்சைடை வெளியிடும். 55, 60 டிகிரியில் செத்துப்போகும். மாவின் ஈரத்தில் கரைந்திருந்த வாயுவும் வெளியேறிக் குமிழ்களுக்குள் சேரும். ஏற்கனவே உள்ள வாயு, சூட்டினால் மட்டுமே கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு விரியும். இதோடு ஈஸ்ட் விட்டுப்போன சாராயமும் தண்ணீரும் ஆவியாகும். உருண்டை உப்புகிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சிக் கூழாகும், இன்னும் மேலே போனால் மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதமான குளூட்டன் இறுகும். உப்புவது முந்த வேண்டும், இறுகுவது பிந்த வேண்டும்.

இட்லியும் ஆவியில்தான் வேகிறது, ஆனால் அதன் கட்டுமானமே வேறு. இட்லி மாவில் குளூட்டன் கிடையாது. குமிழைத் தாங்குவது உளுந்தின் வழவழப்பு. வடிவத்தைத் தட்டின் குழி கொடுத்துவிடும். பாவ்வுக்குக் குழியும் இல்லை, சுவரும் இல்லை, வயிற்றில் கோழிக் கறி வேறு. தானாகவே நிற்க வேண்டும். அதற்குக் குளூட்டன் வேண்டும், ஆனால் அதிகம் கூடாது. அதிகமானால் சவ்வு மாதிரி இழுக்கும். அதனால்தான் பாவ் மாவில் புரதம் 8, 9 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ரொட்டி மாவில் 12 சதவீதம் வரை போகும். உச்சி வெடித்துச் சிரிக்கிற, பன்றிக் கறி வைத்த சார் சியூ பாவ் வேறு ரகம். அதில் அமோனியம் பைகார்பனேட்டும் போடுவார்கள். சூட்டில் அது அமோனியா, கார்பன் டைஆக்சைடு, ஆவி என முழுவதும் வாயுவாகிவிடும். வேகும்போது பக்கத்தில் நின்றால் நெடி மூக்கில் ஏறும்.

வெந்த பிறகு உள்ள இரண்டு மூன்று நிமிடங்கள்தான் ஆபத்தானவை. தளதளவென்று இருந்த பாவ், மூடியைத் திறந்த மறுவினாடி சுருங்கித் தோல் சுருக்கம் விழுந்து நிற்பதை வீட்டில் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். குமிழ்களுக்குள் பெரும்பகுதி ஆவிதான். குளிர்ந்த காற்று பட்டதும் அது நீராகும். நீரானால் அதன் கொள்ளளவு 1600 மடங்குக்கும் மேல் குறையும். உள்ளே அழுத்தம் சரிகிறது. வெளிக்காற்று உள்ளே புகுந்து ஈடுகட்ட வேண்டும், ஆனால் அந்த வழவழப்பான தோல் சட்டென்று வழிவிடாது. சூட்டில் இன்னும் இளகியிருக்கிற சுவர்கள் தாங்க மாட்டாமல் உள்வாங்கிவிடும். மாவு அதிகம் புளித்திருந்தால் சுவர் ஏற்கனவே மெலிந்திருக்கும், இன்னும் மோசம். தீயை அணைத்து, மூடியை ஒரு விரற்கடை மட்டும் தள்ளி வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் போதும். ஆவி மெதுவாகக் குறையும், காற்று மெதுவாக நுழையும், சுவரும் இறுகும்.

மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இன்னொரு தொல்லை. துளி விழுந்த இடத்தில் குமிழ் உடைந்து, மாவுச்சத்து கெட்டியாகி, கண்ணாடி மாதிரித் தழும்பு விழும். மூங்கில் மூடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எவர்சில்வர் மூடிக்குத் துணி கட்ட வேண்டும். தட்டு அடுக்கு பளபளவென்று இருக்கிற வண்டியைவிட மூங்கில் கூடை கறுத்துப்போன வண்டியைத்தான் நான் நம்புவேன்.

நிறத்தைப் பற்றி ஒன்று. கோதுமையில் உள்ள சில நிறமிகள் சோடா மாதிரிக் காரப்பொருள் பட்டால் மஞ்சளாகும். சீனாவில் முந்தின நாள் புளித்த மாவைச் சேர்த்துப் பிசைகிறவர்கள் புளிப்பை முறிக்கச் சோடா போடுவார்கள். கை தவறிக் கூடினால் பாவ் மஞ்சளிக்கும். அளவுக்கு மீறிய வெள்ளைக்கு வேறு காரணமும் இருக்கலாம். மாவை வெளுக்கப் பயன்பட்ட பென்சாயில் பெராக்சைடைச் சீனா 2011 மே மாதம் தடைசெய்தது.

சுடச்சுடக் கடிக்கிறபோது வெளிமாவு இதமாக இருந்து உள்ளே உள்ள கறி நாக்கைப் பொத்துவிடுகிறதே, அதற்கும் குமிழ்தான் காரணம். மாவில் கணிசமான பங்கு வாயு, ஒரு கடிக்கு அதில் சேரும் வெப்பம் கொஞ்சம்தான். பூரணமோ நீரும் எண்ணெயும் நிறைந்த கெட்டிப் பொருள். சுற்றியுள்ள மாவு அதை ஆறவும் விடாது. காயா பாவ் இன்னும் கெட்டது. தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பசை நாக்கில் ஒட்டிக்கொண்டே சூட்டை இறக்கும். பிய்த்துத் திறந்து ஊதிச் சாப்பிடுவதுதான் முறை. வண்டியில் வாங்கும்போது பூரணம் ஆவி பறக்கச் சூடாக இருப்பது நல்லதே. 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும் உணவில் நோய்க்கிருமிகள் பெருகாது. வெதுவெதுப்பாக இருக்கிற கோழி பாவ்வை நான் தொடுவதில்லை.

மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கட்டையாகியிருக்கும். ஈரம் போய்விட்டது என்று நினைக்கிறோம். அப்படியில்லை என்று 1852-லேயே பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் காட்டிவிட்டார். காற்றுப் புகாமல் அடைத்த ரொட்டியும் இறுகிற்று, 60 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் மறுபடி இளகிற்று. வெந்தபோது குலைந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் ஆற ஆற மீண்டும் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாவதே இந்த இறுக்கம். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில்தான் அது மிக வேகமாக நடக்கும். உறைபெட்டியில் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே மீந்த பாவ்வை உறைபெட்டியில் போட்டு, பனி விலகக் காத்திராமல் அப்படியே ஆவிச் சட்டியில் ஏற்றுங்கள். மைக்ரோவேவ் பாவ்வின் சொந்த ஈரத்தையே விரட்டிவிடும், இரண்டு நிமிடத்தில் ரப்பராகும்.