புகையோடு போகும் பாதரசத்தைப் பிடிப்பது எப்படி?

ஒரு டன் நிலக்கரியில் பாதரசம் ஏறத்தாழ 0.1 கிராம்தான் இருக்கும். அனல் மின் நிலையம் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் எரிப்பதால்தான் சிக்கல். உலையின் வெப்பத்தில் பாதரசம் முழுவதும் ஆவியாகிவிடும். சாம்பல் வடிகட்டியில் அந்த ஆவி சிக்காது, தண்ணீரிலும் கரையாது. நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும்.

புகை ஆறும்போது அதிலுள்ள குளோரினோடு சேர்ந்தால் நிலைமை வேறு. பாதரச குளோரைடு நீரில் கரையும். கந்தக டை ஆக்சைடை நீக்கச் சுண்ணாம்புக்கல் கரைசல் தெளிக்கும் கோபுரத்திலேயே அதுவும் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் கிழக்கத்திய நிலக்கரியில் குளோரின் தாராளம். மேற்கத்திய மாநிலமான வயோமிங்கின் நிலக்கரியில் மிகக் குறைவு. அதனால் அதை எரிக்கும் நிலையங்கள் பல, புரோமின் ஏற்றிய கரித்தூளைப் புகைக்குள் ஊதுகின்றன. பாதரசம் துகளில் ஒட்டிக்கொள்ள, துணிப்பை வடிகட்டி இரண்டையும் சேர்த்து நிறுத்துகிறது. பையின் மேல் படியும் கரிப்படலமும் சும்மா இருப்பதில்லை. தன்னைக் கடக்கும் புகையிலிருந்து மேலும் பாதரசத்தை உறிஞ்சுகிறது.

2005இல் வந்த அமெரிக்க விதி, இவ்வளவு பாதரசம் உமிழலாம் என்ற உரிமைகளை நிலையங்கள் தங்களுக்குள் வாங்கி விற்க அனுமதித்தது. கந்தக டை ஆக்சைடுக்குப் பலித்த உத்தி இது. ஆனால் குளோரினோடு சேராத தனிமப் பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் திரிந்தாலும், குளோரைடு சில நாட்களில் அருகிலேயே இறங்கிவிடும். உரிமையை விலைக்கு வாங்கிய நிலையத்தின் பக்கத்து ஏரி மீனுக்கு, வேறு மாநிலத்தில் குறைந்த பாதரசத்தால் என்ன பயன்? 2008இல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. காரணம் ஏரியல்ல: நச்சு உமிழ்வோர் பட்டியலிலிருந்து மின் நிலையங்களை நீக்கிய முறை சட்டப்படி செல்லாது என்பதே.

2011இன் விதியில் இந்த வியாபாரம் இல்லை. நிலையங்களே வரம்புக்குள் நிற்க வேண்டும். பழுப்பு நிலக்கரிக்கு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் சலுகை. சண்டை கணக்கில் மூண்டது. ஆண்டுச் செலவு 960 கோடி டாலர். பாதரசம் குறைவதால் வரும் நன்மை வெறும் 40 முதல் 60 லட்சம் டாலர். கேலிக்கு வசதியான எண்தான். ஆனால் பொழுதுபோக்காக நன்னீர் மீன் பிடிப்போர் வீட்டுக் குழந்தைகளுக்கு, மீனில் சேரும் பாதரசத்தால் வரும் அறிவுத்திறன் இழப்பை மட்டுமே அதில் பணமாக்கியிருந்தார்கள். கடல்மீன் கணக்கிலேயே இல்லை. அதே கருவிகள் நுண்தூசியையும் குறைப்பதைச் சேர்த்தால் நன்மை 3,700 முதல் 9,000 கோடி டாலர்.

செலவை முதலிலேயே கருதியிருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. விதி ரத்தாகவில்லை, பெரும்பாலான நிலையங்கள் அதற்குள் கருவிகளைப் பொருத்தியும்விட்டன. 2017இல் மின் நிலையப் பாதரச உமிழ்வு 2010ஐவிட 86 சதவீதம் குறைவு. அதில் ஒரு பங்கு, மலிவான இயற்கை எரிவாயுவோடு போட்டியிட முடியாமல் மூடப்பட்ட நிலக்கரி உலைகளுக்கும் உரியது.